தனியாளாக எழுதி விற்கும் டெஸ்க்டாப் மென்பொருள்: விளம்பரம் முதலிலா, அப்டேட் முதலிலா?

நீங்கள் கேட்டதைச் சுருக்கினால் இப்படி வருகிறது. ஸ்கேன் செய்த பிடிஎஃப் கோப்புகளைப் பிரித்து, அடுக்கி, பெயர் மாற்றித் தரும் ஒரு டெஸ்க்டாப் மென்பொருளைத் தனியாளாக எழுதி விற்கிறீர்கள். டவுன்லோட் எண்ணிக்கை ஏறுகிறது, லைசென்ஸ் வாங்குவோர் எண்ணிக்கை ஏறவில்லை. மாதம் தவறாமல் புதுப் பதிப்பு விடுகிறீர்கள், ஆனால் உதவி கேட்டு வரும் மின்னஞ்சல்களில் பாதி, எப்போதோ சரிசெய்துவிட்ட பிழைகளைப் பற்றியவை. இனி விளம்பரத்தில் பணம் போடுவதா, புது வசதிகளில் நேரம் போடுவதா என்பது உங்கள் குழப்பம். இப்போதைக்கு இரண்டும் வேண்டாம் என்பேன். டவுன்லோட் பொத்தானை அழுத்தியவர்கள் மென்பொருள் முதல்முறை ஓடுவதற்குள் கழன்றுகொள்கிறார்கள், தங்கியவர்களுக்கோ அப்டேட் போய்ச் சேரவில்லை. நீங்கள் சொன்ன இரண்டு அறிகுறிகளும் காட்டுவது இதைத்தான். அந்த வழியை அடைக்காமல் விளம்பரம் செய்வது ஓட்டைப் பானையில் தண்ணீர் பிடிக்கிற கதை.

முதலில் ஒரு சோதனை செய்யுங்கள். உங்கள் மென்பொருளை இதுவரை பார்த்தே இராத ஒரு சுத்தமான விண்டோஸில், அதாவது ஒரு விர்ச்சுவல் மெஷினிலோ (கணினிக்குள் ஓடும் மாதிரிக் கணினி) விண்டோஸ் சாண்ட்பாக்ஸிலோ, உங்கள் தளத்தை பிரவுசரில் திறந்து இன்ஸ்டாலரை இறக்குங்கள். பென்டிரைவில் காப்பி செய்து பார்த்தால் இந்தச் சோதனை பயன்படாது. இணையத்திலிருந்து இறங்கும் ஃபைலோடு, இது வெளியிலிருந்து வந்தது என்ற குறிப்பை பிரவுசர் ஒட்டி வைக்கிறது. பென்டிரைவ் வழியாகப் போனால் பெரும்பாலும் அந்தக் குறிப்பு உதிர்ந்துவிடும், எச்சரிக்கையும் வராது. எழுதியவர் கண்ணில் மட்டும் இந்தப் பிரச்சினை படாமல் போவதற்குக் காரணம் இதுதான். முறையாக இறக்கினால் முதலில் எட்ஜ் பிரவுசரே, இந்த ஃபைலை அதிகம் பேர் இறக்கவில்லை என்று தடுக்கும். அதைத் தாண்டி இரட்டைக் கிளிக் செய்தால் விண்டோஸின் பாதுகாப்பு வடிகட்டியான ஸ்மார்ட்ஸ்கிரீனின் நீலப் பலகை எழும். அதில் கண்ணுக்குத் தெரிகிற ஒரே பொத்தான், இயக்க வேண்டாம் என்பதுதான். 'மேலும் தகவல்' என்ற சின்ன இணைப்பை அழுத்தினால்தான் 'எப்படியும் இயக்கு' என்ற பொத்தானே வெளியே வரும். பிடிஎஃப் பிரிக்க ஒரு கருவி தேடி வந்தவர் இத்தனையையும் தாண்டுவார் என்று எதிர்பார்க்க முடியாது. உங்கள் டவுன்லோட் கணக்கும் விற்பனைக் கணக்கும் ஒட்டாததற்கு இதைத்தான் நான் முதலில் சந்தேகிப்பேன்.

இதற்கு மருந்து டிஜிட்டல் கையொப்பம், அதாவது கோட் சைனிங்: வெளியிட்டவர் யார் என்பதை, வாங்கிய ஒரு சான்றிதழைக் கொண்டு ஃபைலில் முத்திரையிடுவது. ஸ்மார்ட்ஸ்கிரீன் நற்பெயரைப் பார்த்து முடிவெடுக்கிறது. கையொப்பம் இல்லாத ஃபைலுக்கு அந்த நற்பெயர் ஃபைலின் ஹேஷோடு, அதாவது உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் கைரேகை போன்ற எண்ணோடு, மட்டுமே ஒட்டியிருக்கும். புதுப் பதிப்பு விட்டால் ஹேஷ் மாறும், சேர்த்த பெயரெல்லாம் போய்ப் பூஜ்ஜியத்திலிருந்து தொடங்கும். ஆக, கையொப்பமில்லாமல் மாதம் ஒரு பதிப்பு விடும்போது மாதாமாதம் நீங்களே உங்கள் பெயரை அழித்துக்கொள்கிறீர்கள். கையொப்பம் இருந்தால் நற்பெயர் சான்றிதழின் மீதும் சேரும், அடுத்த பதிப்புக்கும் கூட வரும். எத்தனை டவுன்லோடுக்குப் பிறகு எச்சரிக்கை மறையும் என்ற கணக்கை மைக்ரோசாஃப்ட் வெளியிடுவதில்லை. யாராவது ஒரு எண்ணைச் சொன்னால் அது ஊகம் என்று எடுத்துக்கொள்ளுங்கள். நிறுவனத்தைக் கூடுதலாகச் சரிபார்த்துத் தரும், விலை கூடிய இ.வி. வகைச் சான்றிதழ் வாங்கினால் முதல் நாளிலிருந்தே எச்சரிக்கை வராது என்று பழைய பதிவுகளில் படித்திருப்பீர்கள். ஒரு காலத்தில் அது உண்மை. 2024-க்குப் பிறகு அந்தச் சலுகை இல்லை, அதற்காக மட்டும் கூடுதல் பணம் கொடுக்காதீர்கள்.

2023 ஜூன் முதல் கோட் சைனிங் சாவியை ஹார்ட்வேர் டோக்கனிலோ, அதற்கு ஈடான கிளவுட் பெட்டகத்திலோதான் வைக்க முடியும்; பழைய மாதிரி ஒரு ஃபைலாகக் கையில் தரமாட்டார்கள். பில்ட் தானாக ஓட வேண்டுமென்றால் கிளவுட் வழியில் கையொப்பமிடும் சேவையே வசதி, யுஎஸ்பி டோக்கன் என்றால் ஒவ்வொரு முறையும் நீங்கள் உட்கார்ந்து பின் நம்பர் அடிக்க வேண்டிவரும். 2026 மார்ச் 1 முதல் வழங்கப்படும் சான்றிதழ்களின் அதிகபட்ச ஆயுளும் 460 நாளாகக் குறைகிறது. அதனால் கையொப்பமிடும்போது டைம்ஸ்டாம்ப், அதாவது கையொப்பமிட்ட நேரத்துக்கான சான்று, சேர்க்க மறக்கவே கூடாது. அது இருந்தால் சான்றிதழ் காலாவதியான பிறகும் அன்று இட்ட கையொப்பம் செல்லும். இல்லையென்றால் சான்றிதழ் முடியும் நாளில் பழைய இன்ஸ்டாலர்கள் எல்லாம் செல்லாக்காசாகிவிடும். வரிசையும் முக்கியம். முதலில் உள்ளே இருக்கும் எக்ஸி ஃபைலுக்கும் நீங்களே கட்டிய டிஎல்எல்களுக்கும் (எக்ஸி அழைக்கும் துணை ஃபைல்கள்) கையொப்பமிட்டு, பிறகு இன்ஸ்டாலரைக் கட்டி, கடைசியில் இன்ஸ்டாலருக்கும் இட வேண்டும். அன்இன்ஸ்டாலரைப் பலர் விட்டுவிடுவார்கள். விட்டால், நீக்கும்போது 'அறியப்படாத வெளியீட்டாளர்' என்ற மஞ்சள் பட்டை வரும், போகிறவர் மனதில் அதுதான் கடைசியாக நிற்கும். இந்தத் தலைவலியே வேண்டாம் என்றால் எம்எஸ்ஐஎக்ஸ் என்ற விண்டோஸின் புதுவகைப் பொதியாகக் கட்டி மைக்ரோசாஃப்ட் ஸ்டோரில் போடலாம். அதற்குக் கையொப்பத்தை ஸ்டோரே இடும். அங்கேயும் வழக்கமான எக்ஸி, எம்எஸ்ஐ இன்ஸ்டாலராகக் கொடுத்தால் கையொப்பம் உங்கள் பொறுப்புதான்.

மேக்கில் விதி இன்னும் கறார். ஆப்பிள் தரும் டெவலப்பர் ஐடி சான்றிதழில் கையொப்பமிட்டு, ஹார்டன்ட் ரன்டைம் என்ற பாதுகாப்பு அமைப்பை இயக்கி, நோட்டரிடூல் வழியாக ஆப்பிளின் சோதனைக்கு அனுப்பி (இதுதான் நோட்டரைஸ் செய்வது), வந்த அனுமதிச் சீட்டை ஸ்டேப்ளர் என்ற கருவி கொண்டு ஒட்ட வேண்டும். ஜிப் ஃபைலில் சீட்டை ஒட்ட முடியாது. ஆப்பில் ஒட்டிவிட்டுப் பிறகு ஜிப் செய்யுங்கள், டிஎம்ஜி (மேக் மென்பொருள்கள் வரும் வட்டுப் பிம்ப ஃபைல்) என்றால் நேரே ஒட்டலாம். முன்பெல்லாம் நோட்டரைஸ் செய்யாத ஆப்பைக் கூட கன்ட்ரோல் கிளிக் செய்து திறக்கச் சொல்லிச் சமாளித்தார்கள். 2024-இல் வந்த செக்கோயா என்ற மேக்ஓஎஸ் பதிப்பில் அந்த வழியையும் அடைத்துவிட்டார்கள். பயனர் செட்டிங்ஸுக்குப் போய் அனுமதிக்க வேண்டும். போகமாட்டார்.

கையொப்பம் இருந்தும் ஆன்டிவைரஸ் பிடிக்கிறது என்றால் பெரும்பாலும் கட்டிய விதத்தில் கோளாறு. பைதான் நிரலைப் பைஇன்ஸ்டாலர் என்ற கருவியால் ஒரே எக்ஸியாகக் கட்டினால், ஓடும்போது தன்னையே டெம்ப் ஃபோல்டரில் விரித்துக்கொண்டு ஓடும். வைரஸ்களும் அப்படியே செய்வதால் சந்தேகம் வருகிறது. ஒற்றை ஃபைலாகக் கட்டாமல் ஃபோல்டராகக் கட்டி, அதை ஒரு சாதாரண இன்ஸ்டாலருக்குள் வையுங்கள். எக்ஸியின் அளவைக் குறைக்கும் யுபிஎக்ஸ் சுருக்கத்தை நிறுத்துங்கள். ஒவ்வொரு ரிலீஸையும் வெளியிடும் முன், பல ஆன்டிவைரஸ்களால் ஒரே நேரத்தில் சோதிக்கும் வைரஸ்டோட்டல் தளத்தில் பாருங்கள். எழுபது சொச்ச எஞ்சின்களில் பெயரே கேள்விப்படாத ஒன்றிரண்டு கத்தினால் பரவாயில்லை. விண்டோஸோடு வரும் டிஃபெண்டர் கத்தினால் வெளியிடாதீர்கள். தவறாகப் பிடிபட்ட ஃபைல் என்று மைக்ரோசாஃப்டின் தளத்தில் சமர்ப்பித்துப் பதில் வாங்கிய பிறகு விடுங்கள்.

இனி அப்டேட். இத்தனை பேர் பழைய பதிப்பிலேயே இருக்கிறார்கள் என்றால் சோம்பேறித்தனம் என்று முடிவுகட்ட வேண்டாம், அப்டேட்டர் உடைந்திருக்க வாய்ப்பு அதிகம். உங்கள் பதிப்பு எண் 1.9-ஐத் தாண்டிவிட்டதா? அப்படியென்றால் பதிப்புகளை ஒப்பிடும் வரியைத் திறந்து பாருங்கள். எண்களை எழுத்துச் சரமாக ஒப்பிட்டால் 1.10 என்பது 1.9-ஐவிடச் சிறியதாகத் தெரியும், ஏனெனில் புள்ளிக்குப் பின் வரும் 1 என்ற எழுத்து 9-க்கு முந்தியது. 1.9-இல் இருக்கும் அத்தனை பேருக்கும், நீங்கள் வைத்திருப்பதே கடைசிப் பதிப்பு என்று மென்பொருள் அமைதியாகச் சொல்லிக்கொண்டிருக்கும். புள்ளியில் பிரித்து, ஒவ்வொரு துண்டையும் எண்ணாக மாற்றி ஒப்பிட வேண்டும். ஏற்கெனவே இதில் சிக்கியிருந்தால் தப்பிக்க ஒரு குறுக்கு வழி உண்டு: அடுத்த பதிப்புக்கு 2.0 என்று பெயர் வையுங்கள்.

இரண்டாவது சந்தேகம், புதுப் பதிப்பு வந்திருக்கிறதா என்று எங்கே கேட்கிறீர்கள் என்பது. பலர், நிரல்களை வைக்கும் கிட்ஹப் தளத்தின் ஏபிஐயை (மென்பொருள்கள் தகவல் கேட்கும் வாசல்) நேராகக் கேட்கும்படி எழுதிவிடுகிறார்கள். உள்நுழையாமல் கேட்டால் ஒரு ஐபி முகவரிக்கு மணிக்கு 60 கோரிக்கைதான் அனுமதி. ஓர் அலுவலகம் முழுக்க ஒரே ஐபி வழியாக வெளியே போகிறது, அங்கே மற்றக் கருவிகளும் அதே கணக்கில் கை வைக்கின்றன. உங்கள் முறை வரும்போது கதவு சாத்தியிருக்கும். உங்கள் சொந்த டொமைனில் ஜேசான் வடிவில் ஒரு சின்ன உரை ஃபைல் போதும்: பதிப்பு எண், குறைந்தபட்ச ஓஎஸ், இறக்க வேண்டிய முகவரி, அளவு, கையொப்பம், ரிலீஸ் குறிப்பின் முகவரி. நாளை ஹோஸ்டிங்கை மாற்றினாலும் அந்த முகவரி உங்கள் கையில் இருக்கும். நாளுக்கு ஒருமுறை, எல்லோரும் ஒரே நேரத்தில் வந்து மோதாதபடி கொஞ்சம் முன்பின்னாகக் கேட்க வையுங்கள். மென்பொருள் திறப்பதை அந்தக் கேள்வி தாமதப்படுத்தக் கூடாது. தோற்றால் லாகில் எழுதிவிட்டு மௌனமாக இருக்கட்டும், ஒரு மாதம் தொடர்ந்து தோற்றால் மட்டும் ஓரத்தில் ஒரு வரி காட்டி டவுன்லோட் பக்கத்துக்கு வழிவிடட்டும்.

மூன்றாவது, எங்கே இன்ஸ்டால் ஆகிறது என்பது. விண்டோஸில் புரோகிராம் ஃபைல்ஸுக்குள் போட்டால் ஒவ்வொரு அப்டேட்டுக்கும் அட்மின் அனுமதி வேண்டும். அலுவலகக் கணினியில் வேலை செய்பவருக்கு அந்த பாஸ்வேர்டு தெரியாது. ஒருமுறை ரத்து செய்வார், பிறகு எப்போதும் ரத்துதான். உங்கள் மாதிரிக் கருவிக்கு, அட்மின் அனுமதி கேட்காத, பயனரின் சொந்த லோக்கல் ஆப்டேட்டா ஃபோல்டரில் இன்ஸ்டால் செய்வதே முதல் தேர்வாக இருக்கட்டும், எல்லாப் பயனர்களுக்கும் சேர்த்துப் போடும் எம்எஸ்ஐ தனியாக இருக்கட்டும். மேக்கில் இதே நோய்க்கு வேறு முகம்: டவுன்லோட்ஸ் ஃபோல்டரிலிருந்தோ டிஎம்ஜிக்குள்ளிருந்தோ நேராக ஆப்பைத் திறந்தால், சிஸ்டம் அதை எழுத முடியாத ஒரு தற்காலிக இடத்திலிருந்து ஓட்டும். அங்கே எந்த அப்டேட்டரும் வேலை செய்யாது. முதல்முறை திறக்கும்போதே இருக்கும் இடத்தைச் சோதித்து, அப்ளிகேஷன்ஸ் ஃபோல்டருக்கு மாற்றட்டுமா என்று கேளுங்கள்.

அப்டேட்டரை நீங்களே எழுத வேண்டாம். ஆயத்தமாகக் கிடைப்பவை போதும்: மேக்குக்கு ஸ்பார்க்கிள், விண்டோஸுக்கு வின்ஸ்பார்க்கிள் அல்லது வெலோபேக், டாரி என்ற சட்டகத்தில் கட்டியிருந்தால் அதற்குள்ளேயே இருப்பது. சொந்தமாக எழுதியே தீருவேன் என்றால் ஒன்று தெரிந்திருக்க வேண்டும்: ஓடிக்கொண்டிருக்கும் எக்ஸியை விண்டோஸ் அழிக்க விடாது, மேலெழுதவும் விடாது, ஆனால் பெயர் மாற்ற விடும். பழையதன் பெயரை மாற்றி, புதியதை அந்த இடத்தில் வைத்து, அடுத்த முறை திறக்கும்போது பழையதை அழிப்பதே வழக்கம். வேலைக்கு நடுவில், இப்போதே மீண்டும் தொடங்கவா என்று கேட்காதீர்கள். பின்னணியில் இறக்கி வைத்துவிட்டு, பயனர் மூடும்போது மாற்றிவிடுங்கள்.

பாதுகாப்பில் மட்டும் சுருக்குவழி கிடையாது. 2017 மே மாதத்தில் ஹேண்ட்பிரேக் என்ற வீடியோ மாற்றும் மென்பொருளின் டவுன்லோட் மிரர் (நகல்) சர்வர் ஒன்றில் யாரோ நுழைந்து, மேக் டிஎம்ஜியை எடுத்துவிட்டு ட்ரோஜன் கலந்த ஒன்றை வைத்தார்கள். தளத்திலிருந்து கையால் இறக்கியவர்களில் பலருக்குக் கெட்டது போனது. 1.0 பதிப்பிலும் அதற்குப் பிந்தையவற்றிலும் இருந்த உள் அப்டேட்டர் வழியாகப் போனவர்கள் தப்பித்தார்கள், காரணம் அது இன்ஸ்டால் செய்யும் முன் கையொப்பத்தைச் சரிபார்த்தது. 2025-இல் நோட்பேட்++ அப்டேட் கோரிக்கைகளில் ஒரு பகுதி வேறு சர்வருக்குத் திசைதிருப்பப்பட்ட சம்பவத்துக்குப் பிறகு, 8.8.9 பதிப்பிலிருந்து இறக்கிய இன்ஸ்டாலரின் கையொப்பத்தையும் சான்றிதழையும் சோதித்த பிறகே ஓட்டுகிறார்கள். எச்டிடிபிஎஸ் இருக்கிறதே என்று நிம்மதியாக இருக்க முடியாது. சர்வருக்குள்ளேயே ஆள் நுழைந்துவிட்டால் அது உதவாது. எட்25519 என்ற கையொப்ப முறையில் சாவி ஒரு ஜோடி உருவாக்கி, பொதுச் சாவியை மென்பொருளுக்குள் வைத்து, தனிச் சாவியை சர்வர் பக்கமே கொண்டுபோகாமல் கையொப்பமிடுங்கள். இதற்கும் எல்லை உண்டு. அதே 2017-இல் கணினியைச் சுத்தம் செய்யும் சிகிளீனர் மென்பொருளின் 5.33 பதிப்பில் கலந்த கெட்ட நிரல், நிறுவனத்தின் சரியான கையொப்பத்தோடேயே சுமார் 22.7 லட்சம் பேருக்குப் போனது. கட்டும் இடத்திலேயே கலந்துவிட்டால் கையொப்பம் காப்பாற்றாது, அதனால் பில்ட் செய்யும் கணினியில் கண்டதையும் இன்ஸ்டால் செய்யாதீர்கள். தனிச் சாவியைத் தொலைத்தாலும் கதை முடிந்தது, ஏற்கெனவே இன்ஸ்டால் ஆகியிருக்கும் எந்தப் பிரதிக்கும் தானாக அப்டேட் அனுப்ப முடியாது. என்கிரிப்ட் செய்து இரண்டு தனித்தனி இடங்களில் வையுங்கள். இரண்டாவது ஒரு பொதுச் சாவியை உதிரியாக முதல் பதிப்பிலேயே பதித்து வைப்பது இன்னும் நல்லது.

அப்டேட் செய்தவர் மீண்டும் செய்ய அஞ்சுவது ஒரே காரணத்துக்காக: போன முறை டேட்டா போயிருக்கும். டேட்டாவை வைக்க எஸ்கியூலைட் என்ற ஒற்றை ஃபைல் டேட்டாபேஸைப் பயன்படுத்தினால் அதிலேயே யூசர் வெர்ஷன் என்று ஓர் எண் வைக்க இடம் இருக்கிறது. திறக்கும்போது அதைப் படித்து, ஒவ்வொரு படியாக ஸ்கீமாவை, அதாவது டேபிள்களின் அமைப்பை, உயர்த்துங்கள். டேபிள் மாற்றங்களும் எண் மாற்றமும் ஒரே டிரான்சாக்ஷனுக்குள் (முழுதாக நடக்கும் அல்லது நடக்கவே நடக்காத ஒரு தொகுப்பு) இருக்கட்டும். நடுவில் மின்சாரம் போனாலும் பழைய நிலைக்கே திரும்பும். அதற்கு முன் பேக்கப் எடுக்க வேண்டும், இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். மாற்றங்களை முதலில் தனி ஃபைலில் எழுதிவைக்கும் WAL (வால்) முறையில் ஓடும் டேட்டாபேஸில் கடைசியாக எழுதியவை முதன்மை ஃபைலுக்கு இன்னும் வந்திருக்காது, பக்கத்தில் இருக்கும் வால் ஃபைலில் இருக்கும். முதன்மை ஃபைலை மட்டும் காப்பி செய்தால் பேக்கப் எடுத்ததாகத் தோன்றும், திறந்தால் கடைசி வேலைகள் இருக்காது. வேக்யூம் இன்டூ கட்டளையோ பேக்கப் ஏபிஐயோ கொண்டு எடுங்கள், பெயரில் பழைய பதிப்பு எண்ணைச் சேருங்கள், கடைசி மூன்றை வைத்துக்கொண்டு மற்றதை அழியுங்கள். பழைய மென்பொருள் புதிய டேட்டாபேஸைத் திறக்க நேர்ந்தால், தெரியாத எண்ணைக் கண்டதும் எதையும் எழுதாமல் தெளிவாகச் சொல்லி நிற்க வேண்டும். செட்டிங்ஸ் ஃபைலை நேராக மேலெழுதாமல், தற்காலிகப் பெயரில் எழுதி, டிஸ்க்குக்கு ஃப்ளஷ் செய்து, பிறகு பெயர் மாற்றுங்கள்.

ஒரே நாளில் எல்லோருக்கும் விடாதீர்கள். முதலில் 5 சதவீதம், இரண்டு நாள் கழித்து 25, பிறகு எல்லோருக்கும். இதற்குப் பெரிய சர்வர் தேவையில்லை. இன்ஸ்டால் ஆகும்போது 0 முதல் 99 வரை ஓர் எண்ணைத் தற்செயலாக எடுத்து உள்ளேயே வைத்துக்கொள்ளச் செய்யுங்கள். ஜேசானில் இருக்கும் சதவீதம் அந்த எண்ணைத் தாண்டியதும் அப்டேட் எடுத்துக்கொள்ளும், யாருடைய அடையாளமும் உங்களிடம் வராது. ஸ்பார்க்கிளில் பயனர்களை ஏழு குழுவாகப் பிரித்து விடும் வசதி ஏற்கெனவே உண்டு. கெட்ட பதிப்பு போய்விட்டால் திரும்பப் பெற முடியாது. பழைய நிரலையே உயர்ந்த எண்ணில், 2.4.1 கெட்டதென்றால் 2.4.2 என்று, மீண்டும் விட வேண்டும். அது நடக்க வேண்டுமென்றால் புது ஸ்கீமாவைப் பழைய நிரலும் படிக்க முடிய வேண்டும். ஆகவே டேபிளில் புது நெடுவரிசைகளை மட்டும் சேருங்கள், பெயர் மாற்றுவதையும் அழிப்பதையும் இரண்டு பதிப்புகளுக்குத் தள்ளிப்போடுங்கள்.

இத்தனையும் சரியான பிறகு விளம்பரத்துக்கு வரலாம். அதில் முதல் பாதியை நீங்கள் ஏற்கெனவே எழுதிக்கொண்டிருக்கிறீர்கள், ரிலீஸ் குறிப்பைச் சொல்கிறேன். 'சில பிழைகள் சரிசெய்யப்பட்டன' என்று எழுதினால் யாருக்கும் எதுவும் தெரியாது. '300 பக்கத்துக்கு மேல் உள்ள பிடிஎஃப்பைப் பிரிக்கும்போது பாதியில் நின்றுபோனது இனி நிற்காது' என்று எழுதினால், பழையவர் அப்டேட் செய்வார், அதே சிக்கலைத் தேடுபொறியில் தேடும் புதியவரும் வந்து சேர்வார். ஒவ்வொரு பதிப்புக்கும் மாறாத முகவரியில் தேதியோடு ஒரு பக்கம் வையுங்கள். வாங்கும் முன் பலர் கடைசி ரிலீஸ் எப்போது வந்தது என்று பார்ப்பார்கள். ஒரு பிழையைச் சொன்னவருக்கு அது சரியான அன்று இரண்டு வரி மின்னஞ்சல் போடுங்கள், இதைவிட மலிவான விளம்பரம் இல்லை. மொத்தமாக அனுப்பும் மடல் கேட்டு வாங்கியவர்களுக்கு மட்டும், பெரிய பதிப்புகளுக்கு மட்டும். மடல் உங்களிடமிருந்துதான் வருகிறது என்று நிரூபிக்கும் எஸ்பிஎஃப், டிகேஐஎம் இரண்டையும் டொமைனுக்கு அமையுங்கள். 2024 பிப்ரவரியிலிருந்து ஜிமெயிலும் யாஹூவும் இதில் கண்டிப்பு. ஸ்பேம் புகார் 0.3 சதவீதத்தை எட்டவே விடக் கூடாது.

புதியவர்கள் நிலையாக வருவது தேடுபொறியிலிருந்துதான். முகப்புப் பக்கத்தில் மென்பொருளின் பெருமையை எழுதி அவர்களைப் பிடிக்க முடியாது; உங்கள் மென்பொருளின் பெயரே அவர்களுக்குத் தெரியாது. ஸ்கேனில் வந்த வெற்றுப் பக்கங்களை நீக்குவது எப்படி, இரண்டு பக்கமும் ஸ்கேன் செய்ததில் வரிசை மாறியதைச் சரிசெய்வது எப்படி என்று ஒரு வேலைக்கு ஒரு பக்கம் எழுதுங்கள். இலவசமாகக் கையால் செய்யும் வழியையும் அதில் நேர்மையாகச் சொல்லுங்கள், 500 பக்கம் இருப்பவர் தானாக உங்கள் பக்கம் திரும்புவார். டவுன்லோட் பக்கத்தில் பதிப்பு, தேதி, அளவு, எந்த ஓஎஸ், இலவசப் பதிப்பில் எது ஓடும் எது ஓடாது, விலை, இவ்வளவும் பொத்தானுக்குப் பக்கத்திலேயே இருக்கட்டும். மின்னஞ்சல் கொடுத்தால்தான் டவுன்லோட் என்று வேலி போடாதீர்கள்.

விண்டோஸின் விங்கெட், மேக்கின் ஹோம்ப்ரூ போன்ற பேக்கேஜ் மேனேஜர்களில் (ஒரு கட்டளையில் மென்பொருளை நிறுவும் கருவிகள்) சேருவது பெரிய கூட்டத்தைக் கொண்டுவராது, ஆனால் வருகிறவர்கள் பல கணினிகளில் நிறுவுகிறவர்கள். விங்கெட்டில் இன்ஸ்டாலரின் முகவரியோடு ஷா-256 ஹேஷும் பதிவாகும். ஆகவே 'செட்அப்' என்ற ஒரே பெயரில் புதியதை மேலெழுதினால் ஹேஷ் பொருந்தாமல் அங்கே இன்ஸ்டால் உடையும். ஃபைல் பெயரில் பதிப்பு எண் இருக்க வேண்டும், பழையதை அழிக்கவும் கூடாது. நிரலர்கள் கூடும் ஹேக்கர் நியூஸ் தளத்தில், சொந்தப் படைப்பைக் காட்டும் ஷோ எச்என் பகுதியில் போடலாம். பதிவு செய்யாமலே முயன்று பார்க்கும்படி இருக்க வேண்டும், ஓட்டுப் போடச் சொல்லி நண்பர்களை அனுப்பக் கூடாது. அந்தக் கூட்டம் ஓரிரு நாளில் கலைந்துவிடும், கருத்துகள்தான் மிஞ்சும் லாபம். எந்த இடம் உங்களுக்குப் பலிக்கும் என்பதை முன்கூட்டிச் சொல்ல முடியாது. இதுதான் பலிக்கும் என்று அடித்துச் சொல்பவர்கள் தங்கள் ஒரு மென்பொருளை வைத்துச் சொல்கிறார்கள். கட்டண விளம்பரத்துக்கு மட்டும் கணக்கு உண்டு: நூறு கிளிக்கில் இருபது பேர் இறக்கி, அதில் ஒருவர் வாங்குகிறார் என்று வைத்துக்கொண்டால், நூறு கிளிக்கின் செலவு ஒரு லைசென்ஸின் லாபத்துக்குள் அடங்க வேண்டும். பிடிஎஃப் என்ற சொல்லுக்குப் பெரிய நிறுவனங்கள் ஏலம் கேட்கின்றன, அடங்குவது கடினம். முதலில் உங்கள் சொந்த விகிதம் தெரிய வேண்டும். டவுன்லோட் எண்ணில் ரோபோக்களும் இருக்கும், நம்பாதீர்கள். அப்டேட் ஃபைலைத் தினமும் எத்தனை பேர், எந்தப் பதிப்பிலிருந்து கேட்கிறார்கள் என்பதே உண்மையான பயனர் எண்ணிக்கை. கோரிக்கையில் பதிப்பு எண்ணும் ஓஎஸ்ஸும் போனால் போதும், வேறெதுவும் அனுப்பாதீர்கள், அனுப்புவதையும் தளத்தில் எழுதி வையுங்கள்.

மாதம் ஒரு பதிப்பு தேவையா என்றும் கேட்டிருந்தீர்கள். வசதிகளுக்கு ஆறு முதல் எட்டு வாரம் என்று தள்ளிவைத்து, டேட்டாவைக் கெடுக்கும் பிழை என்றால் மட்டும் அன்றே விடுவது என் பரிந்துரை. இது அனுபவத்தில் வந்த கருத்து, விதி அல்ல.

கடைசியாக, பழைய பதிப்பில் சிக்கியவர்கள். வாங்கியவர்களின் மின்னஞ்சல் இருக்கிறது, ஒரே ஒரு மடல் அனுப்பி கையால் இறக்கச் சொல்லுங்கள். வாங்காதவர்களுக்கு, பழைய அப்டேட்டர் எந்த முகவரியைப் பார்க்கிறதோ அதே முகவரியில், அதற்குப் புரிகிற பழைய வடிவத்திலேயே ஓர் இடைப்பட்ட பதிப்பை வையுங்கள். புதிய அப்டேட்டருக்கு மாற்றிவிடுவது மட்டும் அதன் வேலை. மிகப் பழைய கணினிகளில் அந்த முகவரியே திறக்காமல் போகலாம். இலவச எச்டிடிபிஎஸ் சான்றிதழ் தரும் லெட்ஸ் என்கிரிப்ட் நம்பியிருந்த பழைய ரூட் (அடிப்படைச் சான்றிதழ்) 2021 செப்டம்பர் 30-இல் காலாவதியானது; உங்கள் தளம் அந்தச் சேவையில் ஓடினால், புதிய ரூட் பட்டியலில் சேராத பழைய கணினிகள் அதை நம்பாது. அவர்களுக்காகப் பாதுகாப்பைத் தளர்த்தி வெறும் எச்டிடிபிக்குப் போகாதீர்கள். அந்தக் கணினியில் ஓடக்கூடிய கடைசிப் பதிப்பு எது என்று டவுன்லோட் பக்கத்தில் எழுதி, அந்த இன்ஸ்டாலரையும் வைத்திருங்கள். விண்டோஸ் 10-க்கு ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது என்பதற்காக அதையும் உடனே கழற்றிவிட வேண்டாம். அப்டேட் கோரிக்கைகளில் அதன் பங்கு எவ்வளவு என்று உங்கள் லாகைப் பார்த்து முடிவு செய்யுங்கள். பழைய முகவரிக்கு வாரம் ஒன்றிரண்டு கோரிக்கைதான் வருகிறது என்றாலும் அந்த இடைப்பட்ட பதிப்பை எடுத்துவிடாதீர்கள், சர்வரில் அது பிடிக்கும் இடம் சில எம்பிதான்.